முச்சந்தியில் ஐவிக் கொத்து

ஒந்தினா உட்கார்ந்து சாப்பிட்டதைப் பார்த்தேன் என்று எங்கள் பக்கத்தில் யாராவது சொன்னால், அவர்கள் புளுகுகிறார்கள் என்று வைத்துக்கொள்ளலாம். லாரியின் மட்கார்டில் முதுகைச் சாய்த்துக்கொள்வாள். ஒரு கையில் பன்றித்தொடை வைத்த ரொட்டி, இன்னொரு கையில் சாவிக்கொத்து. கடைசி வாய் தொண்டைக்குள் இறங்குமுன் இன்ஜின் உறுமும். "இன்னும் ஒரு கிளாஸ்" என்று வீட்டுக்காரர் ஜாடியோடு வெளியே வரும்போது முற்றத்தில் டயர் தடம்தான் இருக்கும்.

அந்த லாரிக்குள் ஒரு குட்டித் தொழிற்சாலையே இருந்தது. சின்னத் திராட்சைக்காரர்களுக்குச் சொந்தமாக பாட்டில் மெஷின் வாங்க வசதி ஏது? ஒந்தினா முற்றத்தில் லாரியை நிறுத்தி, நிலவறை ஜன்னல் வழியாகக் குழாயை இழுத்துப் பீப்பாயில் சொருகுவாள். ஒரு பக்கம் காலி பாட்டில் ஏறும். கழுவி, நிரப்பி, கார்க் அடித்து, லேபிள் ஒட்டி மறுபக்கம் வெளியே வரும். வீட்டில் உள்ள அத்தனை பேரும் வரிசையில் நின்று பாட்டிலைக் கைமாற்றுவார்கள். பொழுது சாய்வதற்குள் வேலை முடிந்துவிடும். வெந்நீர் விட்டுக் குழாய்களை அலசிவிட்டுக் கிளம்பிவிடுவாள். கடலைப் பார்த்தபடி படிப்படியாக இறங்கும் தோட்டங்கள், சுண்ணாம்புப் பாறை மேட்டு ஊர்கள், கோரிசியாவுக்கு அப்பாலுள்ள திராட்சைக் குன்றுகள், இலையுதிர் காலத்தில் ஆப்பிள் சாறு அடைக்க சோச்சா நதிக்கரை மலைகள் என்று சுற்றிக்கொண்டே இருப்பாள். இந்தச் சுற்றில் இத்தாலிக்கும் ஸ்லோவேனியாவுக்கும் நடுவே உள்ள எல்லையை எத்தனை தடவை தாண்டினாள் என்று அவளைக் கேட்டால் சிரிப்பாள்.

காலில் சக்கரம் கட்டிக்கொண்டே பிறந்தவள் என்பார்கள். பிறந்தது க்ரிஷ் என்ற ஊரில், கடலுக்கு நேர் மேலே, செங்குத்துச் சரிவின் விளிம்பில். அம்மா மீன் கூடையோடு திரியெஸ்தே சந்தைக்குப் போய்வருகிறவள். நடக்கப் பழகிய பிள்ளை சரிவில் உருண்டுவிடக் கூடாதே என்று, வேலையாக இருக்கும்போது மேசைக் காலில் துணியால் கட்டிப் போடுவாள். ஒருநாள் திரும்பிப் பார்த்தால் பிள்ளை மேசையையும் இழுத்துக்கொண்டு வாசலுக்கு வந்துவிட்டதாம். இதை அம்மா சாகும்வரை சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். ஒந்தினாவுக்கு அதில் சிரிக்க என்ன இருக்கிறது என்று கடைசிவரை புரியவில்லை.

வயது வந்ததும் ரொட்டி வண்டி ஓட்டினாள். அப்போதெல்லாம் எல்லை என்றால் எல்லைதான். கம்பி, கம்பம், கண்ணாடிக் கூண்டு, கூண்டுக்குள் தொப்பி வைத்த ஆள். அந்தப் பக்கம் இறைச்சி மலிவு. இந்தப் பக்கம் காப்பித்தூள் நல்லது. சீட்டுக்கு அடியில் எது இருந்தாலும் முகத்தில் ஒன்றும் இருக்கக் கூடாது. தொப்பிக்காரன் வாரத்துக்கு வாரம் மாறுவான். கேள்வி மட்டும் மாறாது.

"எங்க போற? எத்தனை நாளைக்கு?"

"இன்னைக்கே திரும்பிடுவேன்," என்பாள் ஒந்தினா.

இந்தப் பதிலை அவள் எத்தனை வருஷம் சொன்னாளோ, அது பதில் என்பது போய் அவளுடைய குணமாகவே ஆகிவிட்டது. பிறகு கம்பத்தை எடுத்தார்கள், கூண்டைக் காலி செய்தார்கள், கண்ணாடி உடைந்தது, ஐவிக் கொடி சுவரேறி ஜன்னலுக்குள் போய் மறு ஜன்னல் வழியாக வெளியே வந்தது. ஆனாலும் அந்தக் கூண்டு வந்தால் ஒந்தினாவின் கால் தானாக பிரேக்கை மிதிக்கும், கை சட்டைப் பைக்குப் போய் இல்லாத அனுமதி அட்டையைத் தடவும். பின்னால் வருகிற இளவட்டங்கள் ஹாரன் அடிப்பார்கள். எங்கள் வயதுக்காரர்கள் அடிக்க மாட்டார்கள், அவர்களும் மிதித்திருப்பார்கள்.

நடுவில் ஒரு கல்யாணமும் ஆனது. லிவியோ, மோன்பல்கோனே கப்பல் கட்டும் தளத்தில் கப்பலுக்கு வரைபடம் போடுகிறவன். நல்ல மனுஷன், இல்லையென்று சொன்னால் என் நாக்கு அழுகிவிடும். ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பிட்டுவிட்டு சோபாவில் மனைவி பக்கத்தில் உட்கார வேண்டும், அவ்வளவுதான் அவன் ஆசை. அந்த ஒன்றுதான் அவளால் முடியவில்லை. சண்டை இல்லை, சச்சரவு இல்லை. ஒருநாள் அவன் அமைதியாகச் சொன்னான். "நீ வீட்டுக்குள்ள இருக்கிறப்பகூட கோட்டைக் கழட்ட மாட்டேங்கறியே, ஒந்தினா."

குனிந்து பார்த்தாள். கோட்டுப் பித்தான் கழுத்துவரை போட்டிருந்தது. அந்த வருஷமே பிரிந்தார்கள். அதற்குப் பிறகு அந்த லாரிதான் அவளுக்குக் குடும்பம். சீட்டுக்குப் பின்னால் ஒரு படுக்கை, ஒரு கம்பளி, ஒரு காப்பிக் கெண்டி. ஒரு வாடகை வீடும் இருந்தது. அதில் அவளைவிடத் தூசிதான் அதிகம் குடியிருந்தது.

இந்த மாதிரிப் பெண்ணின் மீது ஆசை வைக்கிறவன் எப்படிப்பட்டவனாக இருக்க வேண்டும்? ஸ்தோயானைப் போல இருக்க வேண்டும். பாறை மேட்டில் உள்ள ரெபென் ஊர்க்காரன். மனைவி ஸ்லாவிச்சா இறந்து பல வருஷம் ஆகிறது. திராட்சை, நிலவறை, நாலு பன்றி, பக்கத்து வீட்டில் தங்கை தனீச்சா, இவ்வளவுதான் அவன் உலகம். திரியெஸ்தே ஆஸ்பத்திரிக்குப் போனதைத் தூரதேசம் போய்வந்ததாகச் சொல்லுவான். அவன் வீட்டுக்கு ஒந்தினா வருஷா வருஷம் பாட்டில் அடைக்க வருவாள். அந்த வருஷம் வசந்தத்தில் மூன்றாம் தடவையாக வந்தபோது ஸ்தோயான் நிலவறை வாசலில் நின்று விரலை எச்சில் படுத்தி மேலே நீட்டினான்.

"காத்து சரியில்லை."

"எந்தக் காத்து?"

"தெற்குக் காத்து. ஈரம். இதுல அடைச்சா ஒயின் கலங்கிப்போகும்."

எங்கள் பக்கத்தில் இப்படிச் சொல்வது வழக்கம்தான். காற்றும் நிலாவும் கூடி வராமல் யாரும் பாட்டிலில் கை வைக்க மாட்டார்கள். ஒந்தினாவே எத்தனையோ முற்றங்களில் இதற்காகக் காத்திருந்து பல்லைக் கடித்தவள். ஆனால் அன்றைக்குத் தோட்டத்தில் ஓர் இலை அசையவில்லை.

"யோவ், ஒரு இலை ஆடலை."

"மேல அடிக்குது."

"போன தடவை நிலா சரியில்லைன்ன. அதுக்கு முன்னாடி பீப்பாய் தூங்குது, எழுப்பக் கூடாதுன்ன. நான் என்ன உன் வீட்டுக்கு டீசல் எரிச்சு விளையாடவா வர்றேன்?"

ஸ்தோயான் விரலைச் சட்டையில் துடைத்துக்கொண்டான். அடுப்படியில் முட்டை வேகவைத்துக்கொண்டிருந்த தனீச்சாதான் ஜன்னலில் தலையை நீட்டினாள். அவளுக்கு வாய் ஓயாது.

"எங்கண்ணன் உன்னை வரவழைக்கிறதுக்குன்னே அந்தப் பீப்பாயை அடைக்காம வெச்சிருக்கான். உன் லாரிக்குள்ள இருக்கிற மெஷினுக்கே இந்நேரம் விளங்கியிருக்கும். உனக்கு விளங்கலையா? அண்ணின்னு கூப்பிட எனக்கு வாய் ஊறுது."

"முட்டையைப் பாரு, தீயப்போகுது," என்றான் ஸ்தோயான். காது சிவந்திருந்தது.

முட்டை எதற்கென்றால், அப்போது அவன் வீட்டுக்கடை நடந்துகொண்டிருந்தது. எங்கள் ஊர்களில் திராட்சைக்காரன் தன் ஒயினைத் தன் முற்றத்திலேயே விற்க வருஷத்தில் சில நாட்கள் உரிமை உண்டு. அந்த நாட்களில் முச்சந்திக் கம்பத்தில் ஒரு ஐவிக் கொத்தைக் கட்டி, அடியில் சிவப்பு அம்புக்குறிப் பலகை மாட்டுவார்கள். அம்பைப் பிடித்துக்கொண்டே போனால் முற்றம் வரும். ஒயின், பன்றித்தொடை, வெந்த முட்டை எல்லாம் கிடைக்கும். கொத்து தொங்கினால் கதவு திறந்திருக்கிறது என்று அர்த்தம். கடை முடிந்த அன்றே கொத்தைக் கழற்றியாக வேண்டும். கழற்ற மறந்தவனை நகராட்சியும் விடாது, ஊரும் விடாது.

ஒந்தினா கிளம்பும்போது ஸ்தோயான் லாரிக் கதவைப் பிடித்துக்கொண்டான். பேச்சு வராதவன். பேசிவிட வேண்டும் என்று முடிவு செய்துவிட்டால் நிறுத்தத் தெரியாதவன்.

"இங்க வந்து இருந்துடு, ஒந்தினா. வேலையை விடுன்னு சொல்லலை. போயிட்டு இங்க வா, அவ்வளவுதான்."

"ரெண்டு நாள் ஒரே இடத்துல இருந்தா எனக்கு மூச்சு முட்டும்."

"முட்டினா ஜன்னலைத் திறந்து வெக்கிறேன்."

"லிவியோவைக் கேட்டுப் பாரு, சொல்லுவான்."

"எனக்கு லிவியோ வேண்டாம், நீதான் வேணும். இப்பவே பதில் சொல்லாத. கடை முடிஞ்சாலும் அந்தக் கொத்தை நான் கழட்டப் போறதில்லை. அது தொங்குற வரைக்கும் என் கதவு உனக்குத் திறந்திருக்கு. என்னைக்கு எனக்கு மனசு விட்டுப்போகுதோ அன்னைக்குக் கழட்டிடுவேன். நீ வந்து இல்லைன்னு சொல்லவேண்டிய சங்கடம்கூட உனக்கு இருக்காது."

ஒந்தினா கியர் மாற்றினாள். கண்ணாடியில் அவன் சின்னதாகிக்கொண்டே போனான்.

வசந்தம் போய்க் கோடை வந்தது. கொத்து தொங்கிக்கொண்டே இருந்தது. முதலில் வெளுத்தது, பிறகு பழுப்பானது, பிறகு துடைப்பம் மாதிரி ஆனது. அதை நம்பி வந்தவர்கள் மூடிய கதவைத் தட்டித் திட்டிவிட்டுப் போனார்கள். நகராட்சிக் காவலர் வந்து எச்சரித்தார். ஸ்தோயான் அவருக்கும் ஒரு கிளாஸ் ஊற்றி, நாளைக்குக் கழட்டிடுறேன் என்றான். கொத்தை மறந்த ஸ்தோயான் என்று ஊர் சிரித்தது. விஷயம் தெரிந்தவர்கள் அதைவிட அதிகமாகச் சிரித்தார்கள்.

ஒந்தினாவும் அதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். எங்கே வேலை என்றாலும் அந்த முச்சந்தி வழியாகவே போனாள். குறுக்கு வழி என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். கடற்கரைத் தோட்டத்திலிருந்து கோரிசியாக் குன்றுக்குப் போக ரெபென் குறுக்கு வழி என்றால் வரைபடம் அச்சடித்தவன் தூக்குப் போட்டுக்கொள்ள வேண்டியதுதான். கொத்து கண்ணில் பட்டதும் நெஞ்சுக்குள் ஒன்று இறங்கி உட்காரும். உடனே அது பிடிக்காமல் ஆக்ஸிலேட்டரை மிதிப்பாள். அந்தக் கோடையில் அவளால் எங்கேயும் நிற்க முடியவில்லை. ஒரு முற்றத்தில் இருந்தால் அடுத்த முற்றம் இழுக்கும், மலையில் இருந்தால் கடல் இழுக்கும், கடலுக்கு வந்தால் மலை. முன்பெல்லாம் இந்த ஓட்டம் அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது. இப்போது எதையோ வீட்டில் மறந்து வைத்துவிட்டு வந்த மாதிரி அரித்தது.

இலையுதிர் காலத்தில் கோபரிட் பக்கம் ஒரு மலைப் பண்ணைக்கு ஆப்பிள் சாறு அடைக்கப் போனாள். மழை. ஈரக் குழாயில் கால் வைத்து வழுக்கி, லாரிப் படியில் மணிக்கட்டு அடிபட விழுந்தாள். பண்ணைக்காரி ஓடிவந்து தூக்கி, துணி சுற்றிக் கட்டினாள். கட்டிக்கொண்டே சாதாரணமாகக் கேட்டாள்.

"யாருக்கும்மா சொல்லணும்?"

ஒந்தினா வாயைத் திறந்தாள். "ஸ்தோயானுக்கு" என்று வந்துவிட்டது. யோசித்து வரவில்லை, தானாக வந்தது. உடனே, "வேண்டாம், யாருக்கும் சொல்ல வேண்டாம்," என்றாள். பண்ணைக்காரி சூப் கொண்டுவந்து வைத்தாள். ஒந்தினாவுக்குப் பயமாக இருந்தது. கை வலியை நினைத்து அல்ல. ஒருவேளை இந்நேரம் அந்தக் கொத்து கழன்றிருக்குமோ என்ற பயம்.

மறுநாள் கிளம்பிவிட்டாள். வழியில் விபாவா பள்ளத்தாக்கில் ஒரு வேலை ஒப்புக்கொண்டிருந்தாள். கை வலிக்க வலிக்க அதை முடித்தாள். அதற்குள் போரா காற்று பிடித்துக்கொண்டது. மலையைத் தாண்டிச் சரிந்து விழுகிற அந்தக் காற்றில் உயரமான லாரிகள் சாய்ந்துவிடும், சாலையை மூடிவிட்டார்கள். லாரிகள் எல்லாம் ஒரு மைதானத்தில் வரிசையாக நின்றன, ஒந்தினாவும் நின்றாள். நாள் கணக்காக நின்றாள். மற்ற டிரைவர்கள் சீட்டாடினார்கள். அவள் மெஷினைத் துடைத்தாள், துடைத்ததையே மறுபடி துடைத்தாள், லாரியைச் சுற்றிச் சுற்றி நடந்தாள். ஒரு பெரியவர், "உட்காரும்மா, நீ நடந்தா காத்து நிக்குமா?" என்றார். அவள் அவரை முறைத்துவிட்டு இன்னும் வேகமாக நடந்தாள். ஸ்தோயானிடம் என்ன சொல்வது என்று வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டாள். எப்படிச் சொன்னாலும் அசட்டுத்தனமாகத்தான் இருந்தது.

காற்று தணிந்து சாலையைத் திறந்ததும் முதலில் சீறிக்கொண்டு போனது அவள் லாரிதான். செஜானா தாண்டி, காலிக் கூண்டு வந்தது. கால் பிரேக்கை மிதித்தது, கை சட்டைப் பையைத் தடவியது. பிறகு முச்சந்தி.

கம்பம் மொட்டையாக நின்றது. கொத்தும் இல்லை, அம்பும் இல்லை.

ஒந்தினா நிறுத்தவில்லை. சரிதான், எவ்வளவு நாள்தான் ஒருவன் காத்திருப்பான், என்று நினைத்தாள். நியாயம்தானே. நியாயமாக இருந்தது அவளுக்கு இன்னும் அதிகமாக வலித்தது. ரெபெனுக்குத் திரும்பும் வழியை விட்டுவிட்டு நேரே போனாள். மேட்டு விளிம்பில் சாலை வளையும் இடத்தில் கீழே கடல் தெரிந்தது, காற்று பெருக்கிவிட்டுப் போன சுத்தமான கடல். வலது பக்கம் போனால் க்ரிஷ், கோரிசியா, மலை. இடது பக்கம் திரியெஸ்தே. எந்தப் பக்கமும் வேலை உண்டு, எந்த முற்றத்திலும் வரவேற்பு உண்டு. வாழ்க்கையிலேயே முதல்தடவையாக எந்தப் பக்கம் திருப்புவது என்று அவளுக்குத் தெரியவில்லை. இன்ஜினை அணைத்தாள். ஸ்டியரிங்கில் தலையை வைத்து அழுதாள். அழுது முடித்ததும் கோபம் வந்தது.

கழட்டினது அவன் இஷ்டம், மாட்டுறது என் இஷ்டம் என்று வாய்விட்டே சொன்னாள். அந்தப் பெரிய லாரியை அந்தக் குறுகின வளைவில் முன்னும் பின்னுமாக இழுத்துத் திருப்பினாள். ஹாரன் அடித்தவர்களுக்குக் கையைக் காட்டினாள். எந்த விரல் என்று நான் சொல்லப் போவதில்லை.

கூண்டுக்குப் போய் நிறுத்தினாள். கார்க் பெட்டி வெட்டுகிற கத்தியை எடுத்து, கூண்டின் சுவரில் மண்டியிருந்த ஐவியை அறுத்தாள். ஒரு காலத்தில் தொப்பிக்காரன் கைநீட்டுகிற ஜன்னலில் இருந்துதான் நல்ல செழிப்பான கொடி கிடைத்தது. முச்சந்திக்குக் கொண்டுவந்து, லாரிப் படியில் ஏறி, கட்டுப்போட்ட கையால் பிடித்து, பல்லால் கயிற்றை இழுத்துக் கட்டினாள். பாட்டில் அட்டைப்பெட்டியைக் கிழித்து, சிவப்பு டேப்பை ஒட்டி அம்பு செய்தாள். அம்பு கோணலாகத்தான் இருந்தது. ஆனால் எந்தப் பக்கம் போகணும் என்பதில் சந்தேகமில்லை.

கயிற்றின் முடிச்சு இறுகுமுன்பே திரியெஸ்தேக் கார் ஒன்று வந்து நின்றது.

"ஸ்தோயான் வீட்டுல கடை திறந்திருக்கா?"

"கொத்து தெரியலையா?" என்றாள் ஒந்தினா.

அடுத்த கார் கேட்கவே இல்லை, நேராக உள்ளே போனது. பிறகு சைக்கிள்காரர்கள் கும்பலாக வந்தார்கள். காற்றில் வீட்டுக்குள் அடைந்து கிடந்தவர்கள் எல்லோருக்கும் அன்றைக்குப் பார்த்துப் பசித்திருந்தது.

கொஞ்ச நேரத்தில் ஸ்தோயான் மூச்சிரைக்க நடந்துவந்தான். பின்னால் தனீச்சா, கையில் கரண்டி.

"எந்தக் கடன்காரன் மாட்டினது இதை? முற்றம் நிறைய ஆளு உட்கார்ந்திருக்கு, வீட்டுல வெந்த முட்டை ஒண்ணுகூட இல்லை," என்று தனீச்சா கத்திக்கொண்டே வந்தவள், லாரிப் படியில் நிற்கிறவளைப் பார்த்து வாயை மூடினாள்.

ஸ்தோயானும் நின்றான்.

"நீ கழட்டிட்டன்னு நினைச்சேன்," என்றான்.

"நானா? நீதானே கழட்டறதா சொன்ன."

"நான் தொடலை. காலையில வந்து பார்த்தா கம்பம் காலி. இந்த வழியா நீதான் போவ, இதுதான் உன் பதில்னு நினைச்சேன். போய்ப் படுத்தவன்தான், இப்பதான் எழுந்திரிக்கிறேன்."

ஒந்தினா நிமிர்ந்து பார்த்தாள். கம்பத்தின் உச்சியில் பழைய கயிற்றின் துண்டு ஒன்று இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது, பிய்ந்து, நார் நாராக. கத்தி பட்ட அடையாளமே இல்லை.

"போரா," என்றாள்.

"போரா," என்றான் அவனும். "அது வடக்கிலேர்ந்து அடிக்கும். தெற்குக் காத்து இல்லை."

"வாயை மூடுய்யா."

அவன் கட்டுப்போட்ட கையைப் பார்த்தான். என்ன ஆச்சு என்று கேட்கவில்லை. கேட்க வேண்டிய கேள்வி வேறு ஒன்று இருந்தது, அதைக் கேட்கப் பயமாக இருந்தது, ஆனாலும் கேட்டான்.

"எத்தனை நாளைக்கு?"

ஒந்தினாவின் நாக்கு அந்தப் பழைய பதிலை எடுத்துக்கொண்டு நுனிவரை வந்துவிட்டது. அதை விழுங்கினாள்.

"அந்தப் பீப்பாய் எப்படி இருக்கு?"

"தொடவே இல்லை. நிறைய இருக்கு."

"எனக்குத் தெரியாதா? அடைக்க வந்தவளே நான்தானே. அது தீர்ற வரைக்கும் இருக்கேன்."

"தீர்ந்துட்டா?"

"ஏன், உன் தோட்டத்துல இனிமே திராட்சையே காய்க்காதா?"

தனீச்சா கரண்டியால் இருவரையும் வீட்டுப் பக்கம் விரட்டினாள். "கல்யாணப் பேச்சை அப்புறம் பேசலாம். அங்க ஜனம் பசியில என் பூனையைப் பார்த்துக்கிட்டிருக்கு. அண்ணி, உனக்குப் பன்றித்தொடை மெலிசா நறுக்க வருமா, வராதா?"

அடுப்படியில் முட்டைப் பானை கொதித்தது. முற்றத்தில் யாரோ பாட ஆரம்பித்திருந்தார்கள். ஒந்தினா கத்தியைக் கையில் வாங்கினாள், பிறகு கீழே வைத்தாள். கோட்டுப் பித்தான்களை ஒற்றைக் கையால் ஒவ்வொன்றாக அவிழ்த்தாள். கோட்டைக் கழற்றி, கதவுக்குப் பின்னால் இருந்த ஆணியில் மாட்டினாள். மாட்டும்போது பைக்குள் லாரிச் சாவி கிணுகிணுத்தது. ஸ்தோயான் காதில் அது விழுந்தது. அவன் போய் ஜன்னலைத் திறந்து வைத்தான்.